வெர்டன் சண்டையும் ஒரு சோபாக் காலும்

“…மூண்டு ஆம்பிளையள், ஒரு சோபா, ஒரு படிக்கட்டு. காலமை பத்து மணிக்குத் தொடங்கினது பின்னேரம் அஞ்சு மட்டும் நடந்தது. ஒருத்தரும் முன்னுக்கும் போகேல்லை, பின்னுக்கும் போகேல்லை. கடைசியில ஒரு கால் போச்சுது. ஆர் விட்டது எண்டு மட்டும் இண்டைக்கு வரைக்கும் தெரியாது, மடம்,” என்று சொல்லி அக்கா நிறுத்தினா.

நான் இதைத் தமிழில் எழுதுகிறேனே தவிர, அக்கா சொன்னது முழுக்கப் பிரெஞ்சில்; ‘மடம்’ என்றது ரீச்சரை, மேடம் என்று. பெரியவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற பள்ளிக்கூடம், சனிக்கிழமைக் காலை, வாய்மொழிப் பரீட்சை. அக்கா, கூடப் பிறந்தவ இல்லை, பழக்கத்தில் அக்கா, பலகைக்கு முன்னால் நிற்கிறா. நாங்கள் பதினொரு பேர் நீள வாங்குகளில் இருக்கிறோம். அக்காவின் கைக்குப் பக்கத்தில், ரீச்சரின் மேசையில், ஒரு சோபாவின் கால் நிற்கிறது. கடைந்த மரம், ஒரு சாண் உயரம். ரீச்சர் தன்னுடைய தாளைப் பார்த்தா, காலைப் பார்த்தா, திரும்பத் தாளைப் பார்த்தா. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா.

தாளில் இருந்த தலைப்பு ‘வெர்டன் சண்டை’.

உலகத்துக்கு வெர்டன் என்றால் பிரான்சில் ஒரு ஊர். முதலாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜேர்மன்காரரும் பத்து மாதம் அந்த ஊரைச் சுற்றிய மேடுகளில் முட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு வெர்டன் என்றால் மொன்றியலில் பச்சைத் தட மெத்ரோ ரயிலில் போய் இறங்குகிற இடம். ஆற்றங்கரை, செங்கல் வீடுகள், வீட்டுக்கு வெளியால் வளைந்து ஏறுகிற இரும்புப் படிகள். அங்கே நடந்ததும் சண்டைதான். மொன்றியல் தமிழ் ஆட்களிடம் ‘வெர்டன் சண்டை’ என்று சொல்லிப் பாருங்கள். ஜேர்மனியைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். “அந்தச் சோபாவோ?” என்று கேட்பார்கள்.

அந்தப் பரீட்சை அக்காவுக்கு ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று முதலில் சொல்லவேண்டும். பதினாலு வருசம் அவ உறைந்த மீனைப் பெட்டியில் அடுக்குகிற வேலை செய்தவ. இரண்டு சோடி கையுறை, காதை மூடிய தொப்பி. பக்கத்தில் நிற்கிறவர் வாயசைத்தாலும் கேட்காது. “பதினாலு வருசமா நான் பெட்டியோடதான் கதைச்சனான் தம்பி. அதுவும் மூடின பெட்டி,” என்று ஒருநாள் சொன்னா. ஆட்கள் சொல்லுகிறதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அக்காவுக்கென்றே அதில் ஏழெட்டுப் பக்கம் இருக்கிறது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு கார்தரி, சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம். அதை நடத்துகிற பெண்மணி அக்காவைப் பார்த்து, பிள்ளைகள் அவவின் மடியில் தாங்களாகவே ஏறி இருந்ததையும் பார்த்து, வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டா. ஒரே நிபந்தனை: பிரெஞ்சுப் பேச்சுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தின் சான்றிதழ் மாத முடிவுக்குள் வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அக்காவுக்குத் திரும்பவும் மீன்.

பரீட்சைத் தாளில் மூன்று கட்டங்கள். நடந்த ஒன்றைச் சொல்லத் தெரியுமா. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியுமா. கடைசியாக, இருக்கிற ஆட்களில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியுமா. மூன்றிலும் சரி விழவேண்டும்.

முதல் இரண்டிலும் அக்கா புலி. மூன்றாவதில்தான் வில்லங்கம். பிரெஞ்சில் கேள்வி கேட்கும்போது அக்காவுக்கு யாழ்ப்பாணத்து ‘ஓ’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். “மடம், ஓஜூர்துயி எக்ஸாமனோ?” என்று கேட்பா. அதாவது, இன்றைக்குப் பரீட்சையா என்று. ரீச்சர் ஒருநாள் இருமிக்கொண்டு வந்தபோது, சுகமில்லையா என்று கேட்கிறதாக நினைத்து, “வூ செத் மலாடோ?” என்றா. ரீச்சர் யோசித்து யோசித்துப் பார்த்து, இந்த மடம் முன்பு ஸ்பெயினில் இருந்தவவா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டா.

கேள்வி என்றால் ‘எஸ்க’ என்று முன்னால் போடுங்கள், பின்னால் ஒன்றும் போடாதீர்கள் என்று ரீச்சர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தா. அக்கா தலையாட்டுவா. பிறகு முன்னாலும் போட்டுப் பின்னாலும் போடுவா. “எஸ்க வூ செத் மலாடோ?”

“எனக்கு உது பிடிபடுதில்லை தம்பி,” என்று சொன்னா. “விசயத்தைச் சொல்லாமல் முதல்லயே கேள்வியை நீட்டுறது என்ன மரியாதை? நாங்கள் சொல்லிப்போட்டு, பேந்து கடைசியில மெல்லமா ஒரு ‘ஓ’ போடுறம். அவையள் கதவைத் திறக்க முதலே சண்டைக்கு நிக்கினம்.”

பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முதல் ரீச்சர் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தா. உள்ளே மடித்த துண்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும், அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும், தலைப்போடு சம்பந்தமான ஒரு பொருளும் கொண்டுவரவேண்டும். எனக்கு மேப்பிள் பாணி, அதாவது மேப்பிள் மரத்துப் பாகு, வந்தது. நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்குகிற ஆள். இரண்டு கடை தள்ளினால் பாணிப் போத்தல், பிரச்சினை இல்லை. அக்கா தன் துண்டை விரித்தா. வாசித்தா. முகம் வெளுத்துப்போனது. என்னிடம் நீட்டினா.

‘லா பதாய் த வெர்டன்.’ கைபேசியில் போட்டுப் பார்த்தோம். பதாய் என்றால் சண்டை.

“தம்பி, இவைக்கு ஆர் சொன்னது?” என்றா அக்கா.

நானும் அதைத்தான் யோசித்தேன். இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்குள் நடந்தது பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தெரியவந்தது? அதுவும் ரின்னுக்குள் மடித்துப் போடுகிற அளவுக்கு? போதாததற்கு, அது அக்காவின் கைக்கே வந்துவிட்டது. கடைசியில் அக்கா துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. “சரி. தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சுது. பிழையாத் தெரிஞ்சிருந்தா நான் திருத்திவிடுறன்.”

இனிச் சண்டையைச் சொல்கிறேன்.

ஒன்பது வருசத்துக்கு முந்தி, ஜூலை முதலாம் தேதி. அன்றைக்குத்தான் மொன்றியல் முழுக்க வீடு மாறும். பாதி ஊர் இறங்கும், பாதி ஊர் ஏறும், லொறி கிடைக்காது. அக்காவின் குடும்பம் வெர்டனில் இரண்டாம் மாடி வீடொன்றுக்குப் போகிறது. தூக்குகிறதற்கு மூன்று பேர். மேல் நுனியில் அக்காவின் தமையன், நாங்கள் அண்ணை என்று சொல்லுவோம். கீழ் நுனியில் அக்காவின் புருசன், எனக்கு அத்தான். நடுவில், சோபாவுக்கு அடியில் தோள் கொடுத்துக்கொண்டு, நான். மூவருக்கும் இரத்த உறவு ஒன்றுமில்லை என்றாலும் அன்றைக்குச் சோபா எங்களை ஒரு குடும்பமாக்கியது.

அத்தான் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். பத்தரைக்கு முதல் ஏதாவது ஒரு சாமான் வாசற்படி ஏறவேண்டும். சுவாமிப் படமும் பால் சட்டியும் அக்காவின் மடியில், அக்கா லொறிக்குள். அத்தானுக்கோ சோபாதான் முதலில் போகவேண்டும். “சாமி தானாப் போவார். சோபாவைத்தான் நாங்கள் கொண்டு போகவேணும்,” என்றார். இதுவும் என் கொப்பியில் இருக்கிறது.

பாதிப் படியில் ஏறியிருப்போம். மேலே வாசலில் ஒரு வயதான கியூபெக்காரர் தன் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் அந்த வீட்டை விட்டுப் போகிற ஆள், இன்னும் போகவில்லை. எங்களைக் கண்டதும் கையை நீட்டி, “ஒன் பாஸ் பா,” என்றார்.

அவர் சொன்னது, போக முடியாது, வழி இல்லை என்று. அண்ணை அப்போது கனடாவுக்கு வந்து எட்டு மாதம். பிரெஞ்சு தெரியாது, ஆனால் இந்தியத் தமிழ்ப் படம் நிறையப் பார்த்தவர். அவர் திரும்பிக் கீழே அத்தானுக்குச் சொன்னார்: “மச்சான், மனுசன் தமிழ் கதைக்குது. ‘பாஸ் பா’ எண்டுது. போகட்டாம்.”

“மெட்ராஸ் பக்கம் இருந்திருப்பார்,” என்றார் அத்தான் கீழேயிருந்து.

நாங்கள் ஏறினோம். கிழவர் இன்னும் பலமாக, “ஒன் பாஸ் பா, ஒன் பாஸ் பா,” என்றார். அண்ணை சந்தோசமாக, “வாறம் ஐயா, வாறம்,” என்று சொல்லிக்கொண்டு இன்னும் மூன்று படி ஏறினார். சோபா வளைவில் மாட்டியது. ஒரு கால் இரும்புக் கம்பிக்குள், முதுகு சுவரில். அந்தக் கம்பிக்கும் சோபாவுக்கும் இடையில் என்னுடைய உடம்பு.

இறக்கிவிட்டு வேறு மாதிரி ஏற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கிழவரும் அதைத்தான் கையால் காட்டினார். அத்தான் சம்மதிக்கவில்லை. புது வீட்டுக்கு என்று படியேறின முதல் சாமான் திரும்பி இறங்கக்கூடாது, இறங்கினால் அந்த வீட்டில் இருக்கமுடியாது. அதற்குள் கீழ்வீட்டுக்காரர் தங்கள் மெத்தைகளைக் கொண்டுவந்து படியடியில் சாத்திவிட்டார்கள். இனி அவர் சம்மதித்தாலும் இறங்க வழியில்லை. மேலே பிரிட்ஜ், கீழே மெத்தை, நடுவில் நாங்கள்.

பதினொரு மணிக்குக் கிழவர் பிரிட்ஜைத் திறந்தார். கரண்ட் இல்லை, எல்லாம் உருகப்போகிறது. ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்து, இரண்டு கரண்டியும் எடுத்து, ஒன்றை அண்ணையிடம் கொடுத்தார். இரண்டு பேரும் மேல்படியில் இருந்து ஐஸ்கிறீம் குடித்தார்கள். அண்ணை ஒரு கையால் சோபாவைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார், அதை நான் சத்தியமாகச் சொல்லுவேன். அத்தானுக்கு அது கீழேயிருந்து தெரிந்தது. “நான் இஞ்ச பாரத்தில நிக்கிறன், அவர் அங்க கலியாண வீடு கொண்டாடுறார்,” என்றார். அவர் பிற்காலத்தில் அடிக்கடி சொன்னது சோபாவைப் பற்றியல்ல, அந்த ஐஸ்கிறீமைப் பற்றி. பிஸ்தாப் பச்சை என்று நிறம்கூடச் சொல்லுவார்.

இப்படியே பன்னிரண்டு, ஒன்று, மூன்று. அக்கா லொறியில் இருந்து கச்சான் கடலை அனுப்பினா. மேலே எறிந்தது அண்ணைக்குப் போனது, கீழே கொடுத்தது அத்தானுக்குப் போனது, எனக்கு ஒன்றும் எட்டவில்லை. சோபாவுக்கு அடியில் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை நாலு மணிக்குப் பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஒன்றுக்குப் போகவேண்டும். இரண்டு மணித்தியாலமாகப் போகவேண்டும். அஞ்சு மணிக்கு, தாங்கமுடியாமல், அடியிலிருந்து கத்தினேன்.

“விடுங்கோ… ஒருக்கா விடுங்கோ.”

நான் சொன்னது ‘என்னை விடுங்கோ’. ‘என்னை’ வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. மேலே அண்ணைக்குக் கேட்டது, கீழேயிருந்து அத்தான் விடச் சொல்லுகிறார் என்று. கீழே அத்தானுக்குக் கேட்டது, மேலேயிருந்து அண்ணை விடச் சொல்லுகிறார் என்று. இரண்டு பேரும், அந்த நாளில் முதல் தடவையாக, ஒன்றாக ஒரு வேலை செய்தார்கள். விட்டார்கள்.

சோபா என் தலைக்கு மேலால் போனது. கம்பிக்குள் இருந்த கால் முறிந்து அங்கேயே நின்றது, மிச்சம் எல்லாம் ஒதுங்கி நின்ற அத்தானைத் தாண்டி வழுக்கிக்கொண்டுபோய் மெத்தைகளில் மோதி, நடைபாதையில் நேராக, யாரோ வைத்தது மாதிரி நின்றது. ஒருவருக்கும் கீறல் இல்லை. கிழவர் இறங்கிவந்து அதிலேயே இருந்துகொண்டு தன்னுடைய லொறிக்காகக் காத்திருந்தார். நான் கண்டது அவ்வளவுதான். மூலையிலிருந்த தெபனர், சின்னப் பலசரக்குக் கடை, அதன் பின்பக்கத்துக்கு நான் ஓடிவிட்டேன்.

திரும்பி வரும்போது சண்டை முற்றிவிட்டது. “மச்சான் வேணுமெண்டு விட்டவர்.” “நான் இல்லை, நீர்தான் விட்டது.” இரண்டு பேரும் ‘விடுங்கோ’ என்று கேட்டது என்றார்கள், இரண்டு பேரும் தான் சொல்லவில்லை என்றார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். பிறகு பிறகு என்று ஒன்பது வருசம். அண்ணை முறிந்த காலைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அண்ணையும் அத்தானும் கதைக்கவில்லை. அக்காவும் தமையனோடு கதைக்க வழியில்லாமல் போய்விட்டது. கலியாண வீடுகளில் ஆட்கள் மேல்படிக்காரர், கீழ்படிக்காரர் என்று பிரிந்து இருந்தார்கள். என்னை மட்டும் இரண்டு பக்கமும் மரியாதையாக நடத்தினார்கள், ‘பாவம், நடுவில நிண்ட பிள்ளை’ என்று. எனக்கு அப்போதே நாற்பத்தைந்து வயது.

சரி, பரீட்சைக்கு ஒரு பொருள் வேண்டும். வெர்டன் சண்டைக்கு என்ன பொருள்? அந்தக் கால்தான். அக்கா கேட்க மாட்டா, அத்தான் கேட்க விட மாட்டார். நான் போனேன். அண்ணை புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பொதிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். விசயத்தைச் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

“பரீட்சையில வந்திட்டுதோ?”

“ஓம் அண்ணை. தலைப்பே அதுதான்.”

“பிரெஞ்சிலயோ?”

“முழுக்கப் பிரெஞ்சில.”

எழும்பிப் போய்த் தன்னுடைய பெட்டகத்தைத் திறந்தார். அந்தக் கால் உள்ளே, மழைச்சட்டைக்கும் சப்பாத்துக்கும் நடுவில், துவாய் சுற்றி இருந்தது. ஒன்பது வருசமாக வேலைக்கு வருகிற இடத்தில் அதை ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் வைக்க மனைவி விடவில்லையாக்கும். “தங்கச்சிக்கு வேலை கிடைக்கும் எண்டால் கொண்டுபோ. ஆனா ஒண்டு. நான் விடேல்லை எண்டு அவ அரசாங்கத்துக்கு முன்னால சொல்லவேணும்.”

“அரசாங்கம் இல்லை அண்ணை, ரீச்சர்.”

“அரசாங்கத்தின்ர சம்பளம்தானே. போதும்.”

கால் வீட்டுக்கு வந்ததைக் கண்டு அத்தானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கட்சியும் ஒன்றுதான்: தான் விடவில்லை என்று அக்கா பிரெஞ்சில் சொல்லவேண்டும். ஆக, அக்கா இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தமையன் விடவில்லை, புருசன் விடவில்லை. சமையலறையில் நின்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கினா. அவ சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இரண்டு பேரும் இல்லை என்றால் மிச்சம் யார்?

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை, கோப்பி இடைவேளையில், வகுப்பில் இருந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டா. சென்னையில் பெரிய டாக்டர், இங்கே பிரெஞ்சுக்காக எங்களோடு வாங்கில் இருக்கிறவ.

“ஏங்க, அந்த அக்கா எதுக்கு சோபா, சோபான்னு பிராக்டிஸ் பண்றாங்க? அவங்க டாபிக் வெர்டன் தானே?”

“ஓம். வெர்டன் சண்டை.”

“அது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் வாருங்க. பிரான்ஸ்ல. பத்து மாசம் நடந்துச்சு.” கைபேசியில் படம் காட்டினா. சேறு, முறிந்த மரங்கள், குழிகளில் மனிதர்கள். எவ்வளவோ பேர் செத்து, கடைசியில் தொடங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே முடிந்ததாம். பிறகு ஒரு பதக்கத்தின் படம். அதில் பொறித்திருந்ததை டாக்டரம்மா வாசித்தா: “ஒன் ந பாஸ் பா. அதாவது, யாரும் தாண்டிப் போக முடியாது. அவங்களோட ஸ்லோகன்.”

நான் கோப்பியை மேசையில் வைத்தேன். கிழவரின் முகமும் பச்சை ஐஸ்கிறீமும் கண்முன் வந்து நின்றன.

உடனே அக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நான் எதையும் பிறகு சொல்லுகிற ஆள். ஒரு கிழமை கடந்து, பரீட்சை நாள் காலமை, மெத்ரோவில், இன்னும் நாலு ஸ்டேசன் இருக்கும்போது சொன்னேன். மடியில் துவாய் சுற்றின காலோடு அக்கா கேட்டுக்கொண்டிருந்தா. கேட்டு முடித்து யன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தா.

“அது பெரிய சண்டையோ?”

“மிகப் பெரிய சண்டை அக்கா.”

“தம்பி, நான் பெரிய சண்டை கண்டிருக்கிறன். உமக்கும் தெரியும். அதைப் பற்றி நான் தமிழிலயே கதைக்கிறேல்லை. பேந்து வேற ஆற்றையோ சண்டையைப் பிரெஞ்சில எப்பிடிக் கதைக்கிறது?” துவாயை இறுக்கிச் சுற்றினா. “எனக்குக் கதைக்க ஏலுமான சண்டை இது ஒண்டுதான். இதில ஒரு சோபாதான் போனது.”

“ரீச்சர் சரி போடாட்டி?”

“துண்டில வெர்டன் எண்டு கிடந்தது. சண்டை எண்டு கிடந்தது. எந்த வெர்டன் எண்டு கிடக்கேல்லை.”

இப்படித்தான் அக்கா பலகைக்கு முன்னால் போய் நின்றா. பத்து நிமிடம். கிழவர் கையை நீட்டி “ஒன் பாஸ் பா” என்று சொன்னதை அக்கா சொன்னபோது ரீச்சரின் பேனை நின்றது. தமையன் விடவில்லை என்றா, புருசன் விடவில்லை என்றா, இரண்டும் சரியான இறந்தகாலத்தில். ஆர் விட்டது என்று தெரியாது, மடம் என்று முடித்தா. அப்போதுதான் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினது.

“எந்தத் தெரு?” என்று ரீச்சர் கேட்டா.

அக்கா தெருவின் பெயரைச் சொன்னா.

“நான் அடுத்த தெரு,” என்றா ரீச்சர். “போன ஜூலையில் என்னுடைய பியானோ படியில் நாலு மணித்தியாலம் நின்றது.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைப்பை இன்னொரு தடவை வாசித்து, தோளைக் குலுக்கி, முதலாவது கட்டத்தில் சரி போட்டா. சோபா என்ன நிறம், மழை பெய்ததா, அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்று கேட்டா. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. இரண்டாவது கட்டத்திலும் சரி விழுந்தது.

“இனி நீங்கள் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும், மடம். ஒன்றே ஒன்று.”

டாக்டரம்மா முதல் வரிசையில், சுலபமான பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தா. நாங்கள் மூவரும் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. அக்கா அவவைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி, உங்களுக்குச் சோபா பிடிக்குமா என்பது.

அக்கா டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த காலைக் கையில் எடுத்தா. கம்பிக்குள் மாட்டி முறிந்த பக்கத்தை விரலால் தடவினா. உதடு மட்டும் அசைந்தது. தமையன் இல்லை, புருசன் இல்லை என்று திரும்ப எண்ணுகிறா என்று எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள். மூன்று ஆம்பிளைகள் என்று அவவே சற்று முதல் சொல்லியிருந்தா. அன்றைக்கு லொறிக்குள் இருந்தபடி தான் கேட்ட அந்த ‘விடுங்கோ’ என்ற குரல் எந்தப் பக்கத்தால் வந்தது என்று ஒன்பது வருசம் கழித்து இப்போதுதான் அவவின் காதுக்குள் விழுகிறது போல நின்றா.

ரீச்சரின் பேனை மூன்றாவது கட்டத்துக்கு மேல் காத்திருந்தது.

அக்கா திரும்பினா. பத்துத் தலைகளுக்கு மேலால், கடைசி வாங்கில் இருந்த என் பக்கம், அந்தச் சோபாக் காலை நீட்டினா.

“எஸ்க சே வூ?” என்று கேட்டா. நீங்களா அது என்று. கேள்வியை முன்னால் போட்டு, பின்னால் ஒன்றும் போடாமல், வாயை மூடிக்கொண்டு, என்னுடைய பதிலுக்காக நின்றா.